செல்பேசிக்கு வரும் நூலும் பதிப்புரிமைச் சட்டமும்

(பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதித் தமிழ்க் கிளைகளின் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கொழிஞ்சாம்பாறையிலோ கோவிந்தாபுரத்திலோ வாழும் தோழர் ஒருவர் ஒரு தமிழ் நூல் வாங்க வேண்டுமானால் பொள்ளாச்சிக்குப் பேருந்து ஏற வேண்டும். தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதியினர் போடிக்கோ கம்பத்துக்கோ மலையிறங்க வேண்டும். மறையூர்த் தோழர்களுக்கு உடுமலை. அங்குச் சென்றாலும் தேடிய நூல் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பேருந்துக் கட்டணமும் கொடுத்து, நூலுக்கும் விலை கொடுக்கும் நிலையில் தோட்டத் தொழிலாளி இல்லை. இந்த இடைவெளியில்தான் பிடிஎஃப் வந்து நின்றது. எங்கோ ஒருவர் பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேர்த்த நூல், வாட்ஸ்அப் குழு வழியாக ஒரே இரவில் வாளையாற்றிலிருந்து வண்டிப்பெரியாறு வரை போய்ச் சேர்ந்துவிடுகிறது. அனுப்பியவர் இயக்கத்திற்குத் தொண்டு செய்ததாகவே கருதுகிறார். பெற்றவரும் அவ்வாறே கருதுகிறார்.

சட்டம் அவ்வாறு கருதவில்லை. சட்டம் என்ன சொல்கிறது, எங்கே தண்டிக்கிறது, எங்கே விலக்களிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது முதல் வேலை. அச்சட்டம் யாருடைய உழைப்பைக் காக்கிறது, யாருடைய மூலதனத்தைக் காக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது அடுத்த வேலை. பின்னதை மட்டும் பேசி முன்னதை விட்டுவிடுவது இடதுசாரி மேடைகளில் அவ்வப்போது நேர்வதுண்டு. அதன் விலையைக் கிளைத் தோழர்தான் கொடுக்க நேரும்.

இந்தியாவில் நடப்பிலுள்ளது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். பலமுறை திருத்தப்பட்டது, மின்னியல் வெளியீட்டைப் பொறுத்தவரை 2012ஆம் ஆண்டின் திருத்தம் முக்கியமானது. இச்சட்டப்படி பதிப்புரிமை பெற எவ்விடத்திலும் பதிவு செய்யத் தேவையில்லை. எழுதப்பட்ட கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. படி எடுப்பது, பொதுமக்களுக்கு எடுத்துச் செல்வது, மொழிபெயர்ப்பது ஆகிய எல்லாம் உரிமையாளருக்கே உரியவை. பொதுமக்களுக்கு எடுத்துச் செல்வது என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம் அகலமானது. ஒருவர் உண்மையில் திறந்து வாசித்தாரா இல்லையா என்பது கேள்வியன்று. அவர் பெறத்தக்க வகையில் வைத்ததே போதும். ஆகவே 200 பேர் உள்ள குழுவில் ஒரு நூலைப் பதிவேற்றியதும், யாரும் அதைத் திறக்காவிட்டாலும், மீறல் என்ற குற்றச்சாட்டுக்கு இடம் ஏற்பட்டுவிடுகிறது.

"காசு வாங்கவில்லையே, எப்படிக் குற்றமாகும்?" என்பது வழக்கமாக எழும் கேள்வி. காசு வாங்காதது தண்டனையின் அளவைக் குறைக்கலாம். மீறலை இல்லாமல் ஆக்காது. 63ஆம் பிரிவு, தெரிந்தே மீறுபவருக்கும் அதற்குத் துணை நிற்பவருக்கும் 6 மாதத்துக்குக் குறையாமல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வணிக ஆதாயத்திற்காகச் செய்யப்படவில்லை என்றால், தீர்ப்பில் தனிக் காரணங்களைக் குறிப்பிட்டுக் குறைந்த தண்டனை வழங்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. அது நீதிபதியின் விருப்புரிமை. குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமையன்று. இரண்டாம் முறை தண்டிக்கப்படுபவருக்குக் குறைந்த அளவு ஓராண்டுச் சிறையும் ஒரு லட்சம் அபராதமும் என்று 63ஏ பிரிவு உயர்த்துகிறது. உதவி ஆய்வாளர் நிலையிலுள்ள காவலர் பிடியாணை இன்றியே படிகளையும் அவற்றை உண்டாக்கிய கருவிகளையும் கைப்பற்றலாம் என்கிறது 64ஆம் பிரிவு. கருவி என்றால் இக்காலத்தில் செல்பேசியும் மடிக்கணினியும் என்று பொருள்.

63ஆம் பிரிவுக் குற்றம் பிணையில் விடத்தக்கதா என்பதில் உயர்நீதிமன்றங்கள் நெடுங்காலம் மாறுபட்டு நின்றன. 2022 மே 20 அன்று 'நிட் புரோ இன்டர்நேஷனல்' வழக்கில் உச்சநீதிமன்றம், அது காவல்துறை தானே வழக்குப் பதியத்தக்கது, பிணை உரிமையாகக் கிடைக்காதது என்று முடிவு செய்தது. இது அலட்சியப்படுத்தத்தக்க செய்தியன்று. போராட்டக் களத்தில் முன்னிற்கும் ஒரு தோட்டத் தொழிற்சங்க ஊழியரை உள்ளே வைக்க நிர்வாகமும் காவல்துறையும் ஏதேனும் ஒரு பிரிவைத் தேடிக்கொண்டிருக்கும் சூழலில், அவருடைய செல்பேசியிலிருந்தே அப்பிரிவை எடுத்துத் தருவது அறிவுடைமை ஆகாது.

உரிமையியல் பக்கம் வேறு. 55ஆம் பிரிவின்படி தடை உத்தரவு, இழப்பீடு, ஈட்டிய வருவாய்க்குக் கணக்கு ஆகியவற்றை உரிமையாளர் கோரலாம். அந்நூலுக்குப் பதிப்புரிமை உண்டு என்று அறியாமலும், அறிய நியாயமான காரணம் இல்லாமலும் செய்தவரிடம் இழப்பீடு கேட்க முடியாது. தடை உத்தரவும், ஈட்டிய லாபத்தில் நீதிமன்றம் தக்கதென்று கருதும் பங்குமே கேட்கலாம். ஆனால் நூலின் உரிமைப் பக்கத்தையும் சேர்த்துப் படமெடுத்தவர் "அறியவில்லை" என்று எவ்வாறு சொல்வார்? அப்பக்கத்தை வெட்டிவிட்டுப் படமெடுத்தால் தப்பலாம் என்று எண்ணினால் அங்கே 65பி பிரிவு காத்திருக்கிறது. ஆசிரியர் பெயர், உரிமையாளர் பெயர், உரிமை நிபந்தனைகள் ஆகிய தகவலை அனுமதியின்றித் தெரிந்தே நீக்குவது தனிக் குற்றம். 2 ஆண்டு வரை சிறை. குழுக்களில் சுற்றும் பிடிஎஃப்களில் முதலில் காணாமற்போவது மொழிபெயர்ப்பாளர் பெயர் தாங்கிய பக்கம்தான் என்பதையும் இங்கே சொல்லி வைக்க வேண்டும்.

எல்லைப் பகுதித் தோழர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று 62ஆம் பிரிவு. பொதுவாக எதிர்வாதி வாழும் இடத்தில் அல்லது செயல் நடந்த இடத்தில்தான் வழக்குத் தொடரப்படும். பதிப்புரிமை வழக்கில் உரிமையாளர் தாம் வாழும் அல்லது தொழில் நடத்தும் இடத்திலேயே தொடரலாம். சென்னைப் பதிப்பகம் சென்னையிலேயே வழக்கிட முடியும். மூணாற்றுத் தோழர் தொடுபுழாவில் அல்ல, சென்னையில் வழக்கறிஞர் தேட வேண்டியிருக்கும்.

குழுவை நடத்துபவரின் நிலை என்ன? கேரள உயர்நீதிமன்றம் 2022 பிப்ரவரியில், உறுப்பினர் ஒருவர் இட்ட ஆட்சேபத்துக்குரிய பதிவுக்காக வாட்ஸ்அப் குழுவின் அட்மினைக் குற்றவாளியாக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அது பதிப்புரிமை வழக்கன்று. எனினும் பிறர் செயலுக்கு அட்மின் தானாகப் பொறுப்பாளி ஆவதில்லை என்ற நெறி பயனுள்ளது. தாமே பதிவேற்றும் அட்மினுக்கு அத்தீர்ப்பு கேடயமாகாது. டெலிகிராமில் பெயர் தெரியாது என்ற நம்பிக்கையும் நிலைக்கவில்லை. 'தைனிக் ஜாக்ரண்' நாளேட்டின் மின்பதிப்பை நாள்தோறும் பிடிஎஃப் ஆக்கி வெளியிட்ட சேனல்கள் பற்றி அதன் உரிமையாளர் தொடுத்த வழக்கில், டெல்லி உயர்நீதிமன்றம் 2020 மே மாதத்தில் அச்சேனல்களை நீக்கவும் நடத்தியவர்களின் விவரத்தைத் தரவும் டெலிகிராமுக்கு ஆணையிட்டது. 2022 ஆகஸ்டில், போட்டித் தேர்வுப் பயிற்சி நூலாசிரியர் ஒருவர் தொடுத்த வழக்கில், தரவுகள் சிங்கப்பூரில் உள்ளன என்ற வாதம் ஏற்கப்படவில்லை. சேனல் நடத்தியவர்களின் தொலைபேசி எண் முதலிய விவரங்கள் முத்திரையிட்ட உறையில் கேட்கப்பட்டன. காலையில் நாளேட்டின் பிடிஎஃப்பை எதிர்பார்த்துக் காத்திருக்கும் வழக்கம் கட்சிக் குழுக்களிலும் உண்டு. சந்தா சேர்ப்பு இயக்கம் நடத்தும் அதே தோழர் கட்சி ஏட்டின் மின்பதிப்பையும் இவ்வாறு இலவசமாகப் பரப்புவாராயின், அவர் குறைப்பது எந்த முதலாளியின் லாபத்தை?

உழைப்பின் உரிமையும் மூலதனத்தின் உரிமையும்

எழுத்து உழைப்பா என்ற கேள்விக்கு மார்க்ஸ் 'உபரி மதிப்புத் தத்துவங்கள்' நூலில் ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். பட்டுப்புழு பட்டு நூற்பதுபோல் தம் இயல்பால் காவியம் படைத்த மில்டன் ஒருபுறம். பதிப்பாளரின் ஏவலில் நூல்களைச் செய்து தள்ளும் எழுத்தாளர் மறுபுறம். பின்னவர் உழைப்பு தொடக்கத்திலிருந்தே மூலதனத்திற்கு அடங்கியது. இன்றைய பதிப்புரிமைச் சண்டைகளில் நீதிமன்றத்தில் வாதியாக நிற்பவர் பெரும்பாலும் மில்டனும் அல்லர், கூலி எழுத்தாளரும் அல்லர். இருவரிடமிருந்தும் உரிமையை எழுதி வாங்கிக்கொண்ட நிறுவனமே.

ஆராய்ச்சி இதழ்களின் நிலை இதற்குத் தெளிவான சான்று. பொதுப் பணத்தில் ஆய்வு நடக்கிறது. ஆய்வாளர் கட்டுரையை ஊதியமின்றித் தருகிறார். மற்றோர் ஆய்வாளர் ஊதியமின்றி மதிப்பிடுகிறார். பதிப்புரிமை மட்டும் பன்னாட்டு நிறுவனத்திற்குப் போய்விடுகிறது. எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் ஆகிய மூன்றும் 2020 டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றத்தில் 'சை-ஹப்' தளத்தின் மீது வழக்குத் தொடுத்தன. 2025 ஆகஸ்டில் இந்தியாவில் அத்தளத்தை முடக்க ஆணை பிறந்தது. இடையில், 2024 நவம்பரில், ஒன்றிய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற பெயரில் 30 வெளியீட்டாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களுக்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்தது. அரசுக் கல்லூரி மாணவருக்கு இதழ் கிடைப்பது நன்மையே. இந்நாட்டு ஆய்வாளர் எழுதியதையும் சேர்த்தே இந்நாட்டு மக்கள் பணத்தில் திரும்ப வாங்கும் ஏற்பாடு அது என்பதும் உண்மையே.

இதற்கு எதிரான வெற்றியும் உண்டு. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு பிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தையும் அதன் வளாகத்திலிருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடையையும் நீதிமன்றத்திற்கு இழுத்தன. பாடத்திட்டத்திற்குரிய பகுதிகளை நகலெடுத்துக் கட்டித் தந்ததே குற்றம். மாணவர்களும் ஆசிரியர்களும் அமைப்பாகத் திரண்டு வழக்கில் தங்களையும் சேர்த்துக்கொண்டனர். 2016 செப்டம்பர் 16 அன்று தனி நீதிபதி, கற்பித்தலின் பொருட்டுப் படியெடுப்பதை 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது என்று கூறி வழக்கைத் தள்ளினார். அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதி அமர்வு வழக்கை மீண்டும் விசாரிக்க அனுப்பினாலும், கற்பித்தலுக்குத் தேவையான அளவு என்பதே அளவுகோல், பக்கக் கணக்கு அன்று என்ற நெறியை நிலைநிறுத்தியது. அடுத்த ஆண்டு பதிப்பகங்கள் வழக்கையே திரும்பப் பெற்றன. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர்கள் இத்தீர்ப்பைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தமிழ்வழி மாணவர்க்குத் துணைநூல் கிடைக்காத இடத்தில் வகுப்புக்குத் தேவையான பகுதியை நகலெடுத்துத் தருவதற்குச் சட்டம் தடையன்று. அத்தீர்ப்பு பல்கலைக்கழகத்தைப் பற்றியது. கட்சிக் கல்வி முகாமுக்கும் தானாகப் பொருந்தும் என்று கருதிவிடலாகாது.

சிக்கல் கூர்மையடைவது உரிமையாளரும் இடதுசாரியாக இருக்கும்போது. லண்டனின் லாரன்ஸ் அண்டு விஷார்ட் 1936இல் தோன்றிய, பிரிட்டன் கம்யூனிஸ்ட் கட்சியோடு வரலாற்றுத் தொடர்புடைய பதிப்பகம். மார்க்ஸ், எங்கெல்ஸ் படைப்புகளின் 50 தொகுதி ஆங்கிலப் பதிப்பை நியூயார்க், மாஸ்கோ பதிப்பகங்களுடன் சேர்ந்து பல பத்தாண்டு உழைப்பில் கொண்டுவந்தது. அத்தொகுதிகளிலிருந்து எடுக்கப்பட்டவற்றை இணையத்திலிருந்து நீக்க வேண்டுமென்று 2014 ஏப்ரலில் மார்க்சிஸ்ட்ஸ் இன்டர்நெட் ஆர்க்கைவுக்கு அது கடிதம் எழுதியது. ஏப்ரல் 30 கெடு. மே தினத்தின் முந்தைய நாளில் மார்க்சுக்கே வேலியா என்று ஆயிரக்கணக்கானோர் கண்டன மனுவில் கையெழுத்திட்டனர். பல்கலைக்கழக நூலகங்களுக்கு மின்பதிப்பை விற்றால்தான் பதிப்பகம் பிழைக்கும் என்பது பதிப்பகத்தின் விடை. ஆர்க்கைவ் பணிந்து நீக்கியது. இதில் ஒரு தரப்பை வில்லனாக்குவது எளிது, சரியன்று. மார்க்ஸ் 1883இல் மறைந்தவர். அவருடைய ஜெர்மன் மூலத்திற்கு எங்கும் உரிமை பேச முடியாது. மொழிபெயர்த்தவரின், குறிப்பெழுதியவரின், மெய்ப்புத் திருத்தியவரின் உழைப்பு இருபதாம் நூற்றாண்டினுடையது. அதற்கு ஊதியம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். சோவியத் அரசு அந்த ஊதியத்தைக் கொடுத்துவந்த காலத்தில் இக்கேள்வி எழவில்லை. 1991க்குப் பிறகு எழுகிறது. அவ்வளவே.

தமிழிலும் இதே நிலைதான். மூலம் விடுதலை பெற்றிருக்கும், மொழிபெயர்ப்பு பெற்றிருக்காது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். மாக்சிம் கார்க்கி மறைந்தது 1936இல். 'தாய்' நாவலின் ருஷ்ய மூலத்தை யாரும் மொழிபெயர்க்கலாம். அதைத் தமிழில் தந்த தொ.மு.சி. ரகுநாதன் மறைந்தது 2001 இறுதியில். பொதுவிதிப்படி கணக்கிட்டால் அம்மொழிபெயர்ப்பின் உரிமை 2061 முடிய நீளும். 1998இல் மறைந்த இ.எம்.எஸ். எழுத்துகளுக்கு 2058 வரை. 1963இல் மறைந்த ஜீவாவின் எழுத்துகளுக்குக் காலக்கணக்குப்படியே 2023உடன் முடிந்துவிட்டது. தமிழ்நாடு அரசு அதற்கு முன்பே அவற்றை நாட்டுடைமை ஆக்கியிருந்தது. (50 ஆண்டாக இருந்த காலவரை 60 ஆனது 1990களின் தொடக்கத்தில். தாகூர் படைப்புகளின் உரிமை முடிய இருந்ததே உடனடிக் காரணம். ஒரு கவிஞருக்காக நாடு முழுவதும் பத்தாண்டுக் காத்திருப்பு!)

நாட்டுடைமை என்பது தமிழகம் கண்ட வழி. பாரதியின் உரிமையை 1949இல் ஓமந்தூரார் அரசு பெற்றது. பாடல்களின் ஒலிப்பதிவு, ஒலிபரப்பு உரிமையை வைத்திருந்த ஏ.வி. மெய்யப்பன் அதை விலையின்றி விட்டுக்கொடுத்தார். பின்னர் அவ்வுரிமை மக்களுக்கே பொதுவாக்கப்பட்டது. அதன் பின் நூற்றுக்கு மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள், வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை வழங்கி, நாட்டுடைமை ஆக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் எவ்வித அச்சமும் இன்றி இறக்கி வாசிக்கலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், 2013 முதல் இயங்கும் 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' தளத்திலும் உரிமைச் சிக்கலற்ற நூல்களே உள்ளன. குழுவில் அனுப்ப நூல் தேடும் தோழர் முதலில் நாட வேண்டிய இடங்கள் இவை. தேடாமலேயே கள்ளப்படியைக் கையிலெடுப்பது சோம்பல். அதற்குப் புரட்சிகரம் என்று பெயர் சூட்ட வேண்டியதில்லை.

கேரளம் கண்ட வழி வேறு. கோட்டயத்தில் 1945இல் 12 எழுத்தாளர்கள் 120 ரூபாய் முதலோடு தொடங்கிய சாகித்திய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கம், எம்.பி. பால், காரூர் நீலகண்டப் பிள்ளை போன்றோரின் உழைப்பில் வளர்ந்து, எழுத்தாளருக்கு 30 விழுக்காடு உரிமைத்தொகை கொடுத்தது. தமிழ்ப் பதிப்புலகில் 10 விழுக்காட்டையே ஒழுங்காகப் பெற முடியாத எழுத்தாளர்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவர். பதிப்புரிமை எழுத்தாளரின் கையிலேயே, அவர்களின் கூட்டுறவிலேயே நிற்க முடியும் என்பதற்கு எல்லைக்கு இப்பாலேயே சான்று இருக்கிறது.

இரு வழக்குகள்

இடதுசாரி, பகுத்தறிவு இயக்கங்களைத் தொட்ட இரு வழக்குகளைத் தனியே சொல்ல வேண்டும்.

தோப்பில் பாசியின் 'நிங்ஙளென்னெ கம்யூணிஸ்டாக்கி' நாடகம் 1952இல் கே.பி.ஏ.சி. மேடையேற்றியது. கேரள மண்ணில் கட்சி வேரூன்றிய வரலாற்றிலிருந்து அந்நாடகத்தைப் பிரிக்க இயலாது. 1990களின் நடுவில் சிவிக் சந்திரன் அதற்கு எதிர்நாடகமாக 'நிங்ஙளாரெ கம்யூணிஸ்டாக்கி' எழுதினார். மூல நாடகத்தின் பாத்திரங்களையும் உரையாடல்களையும் கணிசமாக எடுத்தாண்டு, தலித் மக்களுக்கு இயக்கம் என்ன செய்தது என்று கேள்வி எழுப்பினார். பாசியின் குடும்பத்தார் பதிப்புரிமை மீறல் என்று வழக்குத் தொடுத்தனர். 1996இல் கேரள உயர்நீதிமன்றம் மூன்று அளவைகளை வைத்துப் பார்த்தது: எடுத்தது எவ்வளவு, அதன்மேல் செய்த விமர்சனத்தோடு ஒப்பிட அது எத்தகையது, எடுத்த நோக்கம் என்ன, இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டியாகுமா. மூல நாடகத்தையும் அதன் கருத்தையும் விமர்சிப்பதே நோக்கம், மூலத்தின் இடத்தை எதிர்நாடகம் பிடிக்கப்போவதில்லை என்று கண்டு தடையை மறுத்தது. எதிர்நாடகத்தின் அரசியலைக் கட்சித் தோழர்கள் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் அத்தீர்ப்பு ஏற்படுத்திய வெளி அனைவருக்கும் உரியது. ஒரு முதலாளித்துவ நாளேட்டின் தலையங்கத்தை வரிக்கு வரி எடுத்துக்காட்டி மறுக்கும் கட்டுரை கட்சி ஏட்டில் வருமானால், அதைக் காப்பதும் இதே நெறிதான். பாதுகாப்பு விமர்சனத்திற்கே, விமர்சனம் இன்றி முழுவதையும் எடுத்துப் போடுவதற்கு இல்லை.

மற்றது 'குடிஅரசு' வழக்கு. 1925 முதல் 1938 வரை அவ்விதழில் வந்த பெரியாரின் எழுத்தையும் பேச்சையும் 27 தொகுதிகளாகத் திரட்டி வெளியிடப் பெரியார் திராவிடர் கழகம் முற்பட்டது. பதிப்புரிமை தனக்கே உரியது என்று பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் 2008இல் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. பெரியார் மறைந்தது 1973இல். காலக்கணக்குப்படி உரிமை இன்னும் முடியவில்லை. ஆகவே கேள்வி, அவ்வுரிமை யாரிடம் உள்ளது என்பதாயிற்று. 2009இல் நீதிபதி கே. சந்துரு தடை உத்தரவை மறுத்தார். உரிமை மாற்றம் எழுத்து மூலம் நடந்திருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு; பெரியார் அவ்வாறு எழுதிக் கொடுத்ததற்கு ஆவணம் காட்டப்படவில்லை. மேல்முறையீடும் அடுத்த ஆண்டு தோற்றது. அமைப்பைத் தோற்றுவித்தவர், அவ்வமைப்பே அவருடைய நூல்களைப் பல்லாண்டு வெளியிட்டது என்பவை எல்லாம் சட்டத்தின் முன் ஒரு துண்டுக் காகிதத்திற்கு ஈடாகவில்லை.

இவ்வழக்கிலிருந்து கட்சி அமைப்புகள் தம் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்சிப் பதிப்பகங்களுக்காக மொழிபெயர்த்த எத்தனை தோழர்களிடம் எழுத்து மூலமான ஒப்பந்தம் உள்ளது? முழுநேர ஊதியத்தில் பணியாற்றியவர் செய்த மொழிபெயர்ப்பின் முதல் உரிமை, மாறான ஒப்பந்தம் இல்லையெனில், அமர்த்திய நிறுவனத்திற்கே என்கிறது 17ஆம் பிரிவு. ஊதியமின்றி, வேலை முடிந்து இரவில் மொழிபெயர்த்தவரின் உரிமை அவரிடமே, அவருக்குப் பின் வாரிசிடமே இருக்கும். வாரிசு கட்சிக்காரராக இருக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. ஒப்பந்தம் உள்ள இடத்திலும், காலம் குறிக்கப்படாவிட்டால் அது 5 ஆண்டே செல்லும். இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. 2012 திருத்தம் இன்னொன்றையும் சேர்த்தது: உரிமை மாற்றத்தின்போது வணிகப் பயன்பாட்டில் இல்லாத ஊடகத்திற்கு, அதைப் பெயர் சொல்லிக் குறித்தாலன்றி, அம்மாற்றம் செல்லாது. இனி எழுதப்படும் ஒப்பந்தங்களில் அச்சு, மின்னூல், ஒலிநூல் என்று தனித்தனியே எழுதியாக வேண்டும்.

கிளைகள் செய்யத்தக்கவை

சட்டம் திறந்துவைத்துள்ள வாயில்கள் சில, எல்லைப் பகுதிக்கென்றே வைத்தாற்போல் அமைந்துள்ளன. பட்டயப் பிரச்சினையானாலும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புப் பிரச்சினையானாலும் சட்டமும் ஆணையும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும்; படிக்க வேண்டியவர் தமிழ் மட்டும் அறிந்தவர். சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை விளக்கவுரையோ வேறு புதிய உரையோ சேர்த்து வெளியிடலாம். அரசிதழில் வந்தவற்றை மறுபதிப்புச் செய்யலாம். நீதிமன்றம் தடுக்காத தீர்ப்புகளையும் வெளியிடலாம். தீர்ப்பின் மூல உரையையே எடுக்க வேண்டும். சட்ட இதழ்கள் தயாரித்துச் சேர்த்த தலைப்புக் குறிப்புகள் அவ்விதழ்களின் உழைப்பு என்று 2007இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியுள்ளது. அரசே தமிழாக்கம் வெளியிடாத சட்டத்தை, அல்லது வெளியிட்டும் விற்பனைக்குக் கிடைக்காததை, எவரும் தமிழில் மொழிபெயர்த்து வெளியிடலாம். ஒரே நிபந்தனை: இம்மொழிபெயர்ப்பு அரசால் அதிகாரபூர்வமானதாக ஏற்கப்படவில்லை என்ற குறிப்பு கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். 1960ஆம் ஆண்டின் கேரள அரசு நிலப் பதிவுச் சட்டத்தைத் தெளிந்த தமிழில், அக்குறிப்போடு பிடிஎஃப் ஆக்கிக் கிளைதோறும் அனுப்பினால் எந்தப் பிரிவும் குறுக்கே நிற்காது. கள்ளப்படியாக வரும் நாவலைவிட அது தோட்டத்து லயத்தில் அதிகம் வாசிக்கப்படும்.

நடப்பு அரசியல், பொருளாதாரம், சமூகம் பற்றி வந்த ஒரு கட்டுரையை, ஆசிரியர் மறுபதிப்புரிமையை வெளிப்படையாகத் தமக்கென ஒதுக்கிக்கொள்ளாதபோது, மற்றோர் இதழ் மறுபதிப்புச் செய்யலாம். ஆசிரியர் பெயரையும் மூல இதழையும் குறிப்பிடுவது எப்போதும் கடமை.

வாசகசாலைகளுக்கு இரு விலக்குகள் உண்டு. வணிக நோக்கமற்ற பொது நூலகம், இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத ஒரு நூலை மூன்று படிகளுக்கு மிகாமல் தன் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். தன்னிடம் அச்சுப்படியாக உள்ள நூலைப் பாதுகாக்கும் பொருட்டு மின்வடிவில் சேமித்தும் வைக்கலாம். தோட்டப் பகுதி வாசகசாலைகளிலும் பழைய தோழர்களின் வீடுகளிலும் மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்கள் கரையானுக்கும் மலைப்பனிக்கும் இரையாகிக்கொண்டிருக்கின்றன. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் போன்றோரின் உழைப்பு அத்தாள்களில் இருக்கிறது. வீட்டில் கிடப்பவற்றை முதலில் வாசகசாலைக்கு நன்கொடையாக்கிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதன் பின்பே நூலகத்திற்குரிய விலக்கு அவற்றுக்குப் பொருந்தும். அவ்வாறு சேமித்ததைக் குழுக்களில் அனுப்ப இவ்விலக்கு இடந்தராது. பார்வையற்றோர் முதலான மாற்றுத்திறனாளிகள் வாசிக்கத்தக்க வடிவில் ஆக்கி, லாபமின்றி, அவர்களுக்கு மட்டும் தருவதற்கு வேறொரு விலக்கு இருக்கிறது. தமிழ் ஒலிநூல் முயற்சியில் ஈடுபடும் இளந்தோழர்கள் அதைக் கவனிக்கலாம்.

இவற்றுள் எதிலும் அடங்காத நூலுக்கு எஞ்சியிருக்கும் வழி கேட்பது. சட்டம் வேண்டுவது எழுத்து மூலமான உரிமம். இடதுசாரிப் பதிப்பகங்கள் இத்தகைய வேண்டுகோளை மறுப்பதைவிட, எவரும் கேட்பதில்லை என்பதே உண்மை நிலைக்கு நெருக்கமானது. கடிதத்தில் நூலின் பெயர், பதிப்பு, எந்தப் பக்கங்கள், எந்த முகாமுக்கு, எத்தனை படிகள், அச்சா மின்வடிவா, எவ்வளவு காலம் என்பன இருக்க வேண்டும். கிளைச் செயலாளர் எழுதலாம். உள்ளூர்க் கமிட்டி எழுதினால் நன்று. வந்த விடையை அச்சிட்டு, முகாமின் வரவு செலவுக் கணக்கோடு அதே கோப்பில் வைக்க வேண்டும்.